காற்றும் ஓதமும் பார்த்துக் கிளம்புங்கள்: தீவு விடுமுறை கேள்வி – பதில்

கேள்வி: வெப்பமண்டலத் தீவு ஒன்றில் 5 நாள் தங்கப் போகிறோம். ஸ்கூபா, ஸ்நார்க்கெலிங் (மாஸ்க் மாட்டி, குழாயால் மூச்சுவிட்டு நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பது), படகுச் சவாரி, மலையேற்றம் எல்லாவற்றிலும் ஆசை. எதை எந்த நாளில் வைத்துக்கொள்வது?

பதில்: முதலில் ஸ்கூபாவுக்கு நாள் குறியுங்கள். அது 2ஆம் நாளோ 3ஆம் நாளோ இருக்கட்டும். கடைசி நாள் மட்டும் கூடவே கூடாது. ஆழத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் குறைவு என்பதால் குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் வேலையைக் காட்டிவிடும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். உயரமான சிகரம் ஏறுவதும் இதே கணக்கில்தான் சேரும். அதனால் மலையேற்றத்தை ஸ்கூபாவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சளி பிடித்திருந்தால் மூழ்கவே வேண்டாம், காதுக்குள் அழுத்தம் சமமாகாது.

படகுச் சவாரியைக் காலையில் வையுங்கள். வெயில் ஏற ஏறக் கரை சூடாகி, கடற்காற்று வலுத்து, பிற்பகலில் அலை எழும்பிவிடும். வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள், மருத்துவரைக் கேட்டு, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். குமட்டத் தொடங்கிய பிறகு போட்டால் பெரிய பயன் இல்லை. படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், செல்போனைப் பார்க்காதீர்கள். ஒரு நாளை எதுவும் வைக்காமல் விடுங்கள். மழையிலோ காற்றிலோ ரத்தானது அந்த நாளுக்குப் போகும்.

கேள்வி: ஸ்நார்க்கெலிங் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கிறது. கண்ணாடியும் மங்கிவிடுகிறது. வாடகை மாஸ்க் என்றாலே இப்படித்தானா?

பதில்: மாஸ்க் பழசாக இருப்பதை விட, முகத்துக்குப் பொருந்தாமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். வாங்கும்போதே சோதியுங்கள். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளிழுத்து, மூச்சை நிறுத்திக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுக்கானது. நழுவினால் வேறு கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

பொருந்திய மாஸ்க்கிலும் தண்ணீர் வருகிறது என்றால், நெற்றியில் ஒரு முடிக்கற்றை சிலிக்கோன் ஓரத்தில் மாட்டியிருக்கும். மீசைக்காரர்களுக்கு மூக்குக்குக் கீழே கசியும். மேல் ஓரத்தை ஒரு கோடு மழித்தால் போதும், மீசையையே எடுக்க வேண்டாம். தண்ணீர் வருகிறதே என்று பட்டையை இன்னும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இறுக்கினால் ஓரம் மடங்கிப் புது வழி திறக்கும். பட்டை, பின்தலையின் அகன்ற பகுதியில் தளர்வாக உட்கார்ந்தாலே போதும். மாஸ்க்குக்குள் சிரித்தாலும் கன்னம் மடிந்து தண்ணீர் வரும்; மீனைப் பார்த்து வாயைப் பிளக்கும் குழந்தைகளுக்கு இது சொல்லிவைக்க வேண்டியது.

மங்குவதற்கு வருவோம். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் தடவி, விரலால் சில நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் படலம் போய்விடும். பிளாஸ்டிக் கண்ணாடிக்கு இது ஆகாது, கீறல் விழும். பிறகு ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன், நீர் கலந்த குழந்தை ஷாம்பு ஒரு துளியோ எச்சிலோ தேய்த்து, ஒரே முக்கு முக்கி எடுத்து, உடனே மாட்டுங்கள். நடுவில் நெற்றியில் ஏற்றிவைக்காதீர்கள். நெற்றிச் சூட்டிலேயே மங்கும், அலை வந்தால் பறிபோகும்.

இதையெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் பழகிவிட்டு ஆழத்துக்குப் போங்கள். உள்ளே வந்த தண்ணீரை வெளியேற்ற, மாஸ்க்கின் மேல் ஓரத்தை அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதுங்கள்.

கேள்வி: கடல் வற்றும்போது பவளத்திட்டில் நடக்கலாம் என்கிறார்கள். எந்த நேரத்தில் போவது?

பதில்: பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே நேற்றைய நேரத்தை நம்பாமல் அன்றைய ஓத அட்டவணையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் வற்றும். உச்ச வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி, அந்த நேரம் வந்ததும் திரும்பத் தொடங்குங்கள். தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் ஒரு மணி நேரம் சோம்பேறியாக வரும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில்தான் மொத்த ஏற்றத்தில் பாதி வந்து சேரும். இன்னும் நேரம் இருக்கிறதென்று நின்றவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம். உயிருள்ள பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், மணல் திட்டிலேயே நடங்கள். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை அதிர்வு உணர்ந்து ஒதுங்கிவிடும். அதன் முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸ் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை அந்த இடத்தை வையுங்கள், வலி தணியும். குத்துப்படாத கையை விட்டுச் சூடு பாருங்கள். குத்துப்பட்ட காலுக்கு உணர்வு சரியாகத் தெரியாது. பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம் குழந்தைகளுக்கு நல்லதுதானே?

பதில்: இரு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் கருத்த, அமைதியான பட்டை தெரிந்தால் அதுதான் ஆபத்தான இடம். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. நுரையோ குப்பையோ அந்தப் பட்டையில் வெளியே மிதந்து போகிறதா என்று உயரமான இடத்தில் நின்று சில நிமிடம் பாருங்கள். இழுத்துக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துப்போவீர்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து கரையேறுங்கள். உயிர்காப்பாளர் உள்ள கடற்கரையைத் தேடிப் போவது இதையெல்லாம் விட மேல்.

கேள்வி: கயாக்கில் திரும்பி வரும்போது துடுப்பு போட முடியாமல் கை ஓய்ந்துவிடுகிறது. ஏன்?

பதில்: போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கும், அதை உங்கள் கைவலிமை என்று நினைத்திருப்பீர்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் அன்று கயாக்கே வேண்டாம்.

கேள்வி: சன்ஸ்கிரீன் பூசியும் முதுகு வெந்துவிட்டது.

பதில்: ஸ்நார்க்கெலிங்கில் முதுகும் முழங்காலின் பின்புறமும் மணிக்கணக்கில் வெயிலைப் பார்த்துக் கிடக்கின்றன. தண்ணீரின் குளுமையில் சூடு உறைக்காது. அங்கே களிம்பை நம்புவதை விட முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். மிச்ச இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாததைப் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீந்தித் துடைத்த பிறகும் மறுபடி பூசுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் உள்ளவை பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 முதல் விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறது; துத்தநாக ஆக்ஸைடு வகையை வாங்குங்கள். நெற்றியில் தாராளமாக அப்பாதீர்கள், அது வழிந்து கண்ணுக்குள் போகும், மாஸ்க்கும் வழுக்கும்.

கேள்வி: தென்னைகளுக்கு நடுவே ஊஞ்சல் தொட்டில் கட்டலாமா?

பதில்: மேலே பாருங்கள். காய் இருந்தால் கட்டாதீர்கள், காய்ந்த மட்டை தொங்கினாலும் கட்டாதீர்கள். இரண்டும் இல்லையென்றால் கயிறு தரையிலிருந்து சுமார் 30 டிகிரி சரிவில் நிற்கும்படி தளர்வாகக் கட்டி, நேராக இல்லாமல் சற்று மூலைவாட்டில் படுங்கள். முதுகு வளையாது.