ஒண்ணுமே இல்லாத இடம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

போன மாசம் ரெண்டு குடும்பமா சேர்ந்து அமெரிக்காவுல அரிசோனா ஃபீனிக்ஸ்ல ஒரு ஆர்வி (சமையலறை, குளியலறையோட வீடு மாதிரி இருக்கற வண்டி) வாடகைக்கு எடுத்துட்டு பேஜ், ஆன்டிலோப் கேன்யன், மான்யுமென்ட் வேலி, கேன்யன் டி ஷேன்னு எட்டு நாள் சுத்திட்டு வந்தோம். செம இடம்ணா. மணிக்கணக்கா ஓட்டினாலும் ஈ காக்கா கிடையாது, ஒண்ணுமே இல்லாத வெட்டவெளி, செவ்வாய் கிரகத்துல வண்டி ஓட்டற மாதிரி இருந்துச்சு. ஒரே குறை, அந்த ஊர் பூர்வகுடிகளான நவஹோ ஆளுங்க யாரும் மனசு விட்டுப் பேசல. கைடு கிட்ட கதை கேட்டா ஒத்த வார்த்தையில பதில். தறியில உக்காந்திருந்த ஒரு பாட்டியை போட்டோ எடுக்கப் போனேன், கையைக் காட்டி வேண்டாம்னுட்டாங்க. ஒரு கம்பளம் 900 டாலர்னாங்க, 400க்குக் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அவங்க கலாச்சாரத்தைப் புரிஞ்சுக்க எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? அடுத்த தடவை பசங்களோட போக எந்த மாசம் நல்லது?

கா.

அன்புள்ள கா.,

உங்க கடிதம் வந்த அன்னிக்குத்தான் கடையிலேர்ந்து பீச் பழம் வாங்கிட்டு வந்து, தின்னவும் தோணாம கீழ வைக்கவும் தோணாம ரொம்ப நேரம் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பழத்துக்கும் நீங்க போய்ட்டு வந்த ஊருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. வர்றேன்.

சில்லறை விஷயங்களை முதல்ல முடிச்சுடலாம். போட்டோ: உங்க அம்மா வாசல்ல உக்காந்து பூ கட்டிட்டிருக்கறப்ப எவனோ வேன்லேர்ந்து இறங்கி போனை நீட்டினா நீங்க என்ன பண்ணுவீங்களோ அதைத்தான் அந்தப் பாட்டி பண்ணாங்க, விடுங்க. கைடு: அவங்க சில கதைகளைக் குளிர்காலத்துல மட்டும்தான் சொல்லுவாங்க, பாம்பும் சிலந்தியும் கரடியும் தூங்கற காலத்துல. வெயில் காலத்துல போய் நச்சரிச்சா ஒத்த வார்த்தைதான் வரும். அதோட பேச்சுக்கு நடுவுல கொஞ்சம் சும்மா இருக்கறது அங்க மரியாதை, நாம என்னடான்னா அந்த சந்துல அடுத்த கேள்வியைச் சொருகிடறோம். பேரத்தைப் பத்தி கடைசியில திட்டறேன்.

"ஒண்ணுமே இல்லாத வெட்டவெளி"ன்னு எழுதிருக்கீங்களே, அதுதான் சுருக்குன்னு தெச்சுது. ஏன்னா பத்து வருஷம் முன்னாடி இதே வார்த்தையை நானும் சொல்லிருக்கேன்.

அப்ப நாங்க எடுத்தது 25 அடி வண்டி, அக்டோபர் மாசம். ஆர்வில போனா பாட்டு, சீட்டுக்கட்டு, கேம்ப் ஃபயர்னு நினைச்சுட்டுப் போவோம், ஆனா மூணாவது நாள்லேர்ந்து பேச்சே ஒண்ணுதான், தண்ணி. சமையல் மேடைக்கு மேல ஒரு பேனல்ல டேங்க் அளவு விளக்கு எரியும், யார் குளிச்சாலும் மிச்சப் பேரெல்லாம் அதைத்தான் பாத்துட்டு நிப்போம், ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா கதவைத் தட்டுவோம். சின்லி ஊரை நெருங்கறப்ப டேங்க் காலி. விசாரிச்சு ஒரு தண்ணி பிடிக்கற இடத்துக்குப் போனா எங்களுக்கு முன்னாடி ஒரு பிக்கப் வண்டி, பின்னாடி முழுக்க அடைச்சுக்கிட்டு ஒரு பெரிய வெள்ளை பிளாஸ்டிக் டேங்க். ஒரு பெரியவர், கூட பத்து வயசுப் பேரன். எங்க வண்டியில முணுமுணுப்பு, எவ்வளவு நேரம்டா பிடிப்பாங்கன்னு. நிறைஞ்சதும் பையன் ஹோஸை உடனே கழட்டல, மொத்த ஹோஸையும் ஒரு முனையிலேர்ந்து தோள்ல தூக்கிக்கிட்டே வந்து, உள்ள தங்கியிருந்த தண்ணியை ஒரு பழைய காபி டப்பாவுல வடிச்சு வண்டிக்கடியில படுத்திருந்த நாய்க்கு வெச்சான். அப்புறம் தாத்தா எங்களைப் பாத்து தலையை அசைச்சுட்டு, ஹோஸை எங்க கேன்ல விட்டுட்டு, நிறையற வரைக்கும் நின்னுட்டுப் போனார்.

நாங்க எட்டு நாள் விளையாட்டா செஞ்சதை அவங்க வருஷம் பூரா செய்யறாங்க. அங்க ஏறக்குறைய மூணுல ஒரு வீட்டுல குழாய்த் தண்ணி கிடையாது. தண்ணியே இல்லாத ஊர்னு மட்டும் நினைக்காதீங்க, 1944லேர்ந்து 1986 வரைக்கும் அந்த மண்ணுல யுரேனியம் தோண்டி எடுத்துட்டு 500க்கும் மேல சுரங்கங்களை அப்படியே போட்டுட்டுப் போயிருக்காங்க, பல கிணத்துத் தண்ணியை வாயில வைக்க முடியாது. கொலராடோ ஆறு பக்கத்துலயேதான் ஓடுது. அமெரிக்க அரசாங்கத்தோட போட்ட 1868 ஒப்பந்தப்படி எங்களுக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு அரசாங்கம் கணக்குப் போட்டு வழி பண்ணணும்னு கோர்ட்டுக்குப் போனாங்க, 2023ல சுப்ரீம் கோர்ட் அஞ்சுக்கு நாலு ஓட்டுல அப்படியொரு கடமை இல்லன்னுடுச்சு.

அந்த 1868 என்னன்னு தெரியாம அங்க எதுவும் புரியாது தம்பி. அதுக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடி கிட் கார்சன்னு ஒரு அமெரிக்க ராணுவ அதிகாரி படையோட வந்து சோளக்கொல்லையைக் கொளுத்தி, ஆட்டை வெட்டி, ஜனங்களைப் பட்டினி போட்டான். மிஞ்சினவங்களை நியூ மெக்ஸிகோவோட கிழக்குக் கோடியில இருக்கற ஃபோர்ட் சம்னருக்கு நடத்தியே ஓட்டிட்டுப் போனாங்க, கிழவி, கர்ப்பிணி, குழந்தை எல்லாரையும். 8,000 பேருக்கு மேல அங்க அடைபட்டுக் கிடந்தாங்க. உப்புத் தண்ணி, போட்ட சோளத்தைப் புழு தின்னுடுச்சு. அவங்க அந்த இடத்தை ஹ்வேல்டின்னு சொல்லுவாங்க. ஜனங்க போனப்புறமும் சிப்பாய்ங்க கேன்யன் டி ஷேக்குள்ள திரும்ப வந்து என்ன பண்ணாங்க தெரியுமா? பீச் மரங்களை வெட்டினாங்க. தலைமுறை தலைமுறையா வளத்த ஆயிரக்கணக்கான மரங்க. ஒருத்தரும் இல்லாத பள்ளத்தாக்குல மரத்தை எதுக்குய்யா வெட்டணும்? திரும்பி வந்தாலும் ஒண்ணும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனா 1868 ஜூன் 1ஆம் தேதி ஒப்பந்தம் போட்டுட்டுத் திரும்பி வந்தாங்க, மரத்தை மறுபடியும் நட்டாங்க, ஆடு வளத்தாங்க. 1930கள்ல மறுபடி அரசாங்கம் வந்துச்சு, ஆடு மேஞ்சு மண் அரிச்சு ஹூவர் அணை தூர்ந்துடும்னு சொல்லி ஆடுகளைக் கண் முன்னாடியே சுட்டுப் போட்டாங்க.

அந்த "ஒண்ணுமே இல்ல"வை இத்தனை பேர் சேர்ந்து பாடுபட்டு உண்டாக்கப் பாத்திருக்காங்க, நாம ஏசி போட்ட வண்டியிலேர்ந்து பாத்துட்டு இயற்கைன்னு சொல்றோம். மிச்சம் இருக்கற வெளி மேய்ச்சல் நிலம், வறண்ட பூமியில ஒரு மந்தைக்கு அவ்வளவு இடம் வேணும், அதனால வீடுங்க தள்ளித் தள்ளி இருக்கும். ஹோகன்னு சொல்ற அவங்க பாரம்பரிய வீட்டு வாசல் கிழக்குப் பாத்து இருக்கும், நம்ம ரோட்டுக்காக யாரும் திருப்பி வைக்க மாட்டாங்க.

மறுநாள் வண்டியை மேல நிறுத்திட்டு கைடோட ஜீப்ல கேன்யன் டி ஷே பள்ளத்தாக்குக்குள்ள இறங்கினோம், இன்னும் குடும்பங்க பயிர் வைக்கற இடம்ங்கறதால கைடு இல்லாம விடறதில்ல. மணல்ல வண்டியை நிறுத்தி, விரலை நீட்டாம உதட்டைக் குவிச்சு ஒரு பக்கமா காமிச்சார். பாறையடியில நாலஞ்சு கட்டை மரம், இலையெல்லாம் மஞ்சள். எங்க அத்தையோடதுன்னு மட்டும் சொன்னார். சீட்டுக்கடியிலேர்ந்து ஒரு பேப்பர் பையை எடுத்து ஆளுக்கு ரெண்டு துண்டு குடுத்தார், பாதியா பிளந்து பாறையில காயவெச்ச பீச், தோல் மாதிரி கெட்டி, வாயில ஊற ஊறத்தான் இனிப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் எங்க வண்டியில யாரும் வாயைத் திறக்கல.

சரி, பேரம். ஆட்டை வளத்து, மயிர் கத்திரிச்சு, அலசி, சிக்கெடுத்து, கையால நூத்து, சாயம் ஏத்தி, நிமிந்து நிக்கற தறியில ஒவ்வொரு இழையா சீப்பால அடிச்சு இறக்கி, மாசக்கணக்குல உக்காந்து நெய்யறது. நெசவை அவங்களுக்குக் கத்துக்குடுத்தது சிலந்திப் பெண், அவ இருக்கறதே கேன்யன் டி ஷேல நிக்கற ஸ்பைடர் ராக் பாறை உச்சியிலன்னு நம்பறவங்க. நீங்க அந்தப் பாறைக்கு எதிர்ல நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்து 400க்கு வருமான்னு கேட்டிருக்கீங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டதோட விட்டாங்களே.

உங்க கேள்வி மறந்தே போச்சு பாருங்க. அக்டோபர்ல போங்க. மான்யுமென்ட் வேலி மண் ரோட்டுல ஆர்வியை விட மாட்டாங்க, ஜீப்புக்கு முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. கடிகாரத்துல ஜாக்கிரதை, அரிசோனாக்காரன் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி மாத்த மாட்டான், நவஹோ தேசம் மாத்தும், அதுக்கு நடுவுல இருக்கற இன்னொரு பூர்வகுடி ஹோப்பிக்காரங்க மாத்த மாட்டாங்க, ஆனா ஆன்டிலோப் கேன்யன் டூர் மட்டும் பேஜ் ஊர்ல ஓடற அரிசோனா நேரம்தான், நாங்க ஒரு மணி நேரம் முன்னாடியே போய் வெயில்ல நின்னோம். அந்தக் கம்பளம் இன்னும் இருந்தா 900 டாலரைக் குடுத்து வாங்கிட்டு வாங்க.

அன்புடன்.