வாசகர் கேள்வி–பதில்: சாயம் ஏறிய தலையும் ஊசி ஏறிய துணியும்

தோற்றத்தில் தனித்துவம் காட்டுவது குறித்து இம்முறை வந்த கடிதங்கள் வழக்கத்தை விட அதிகம். அவற்றிலிருந்து ஆறு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் சென்ற மாதம் தலைமுடியில் பாதிக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். தை மாதம் என் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். உறவினர்கள் முன்னால் நான் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பது?
— ஒரு தாய், நங்கநல்லூர்

பதில்: சாயம் அவள் தலையில்தான் இருக்கிறது அம்மா, உங்கள் தலையில் இல்லை, ஆகவே நீங்கள் தாராளமாக நிமிரலாம். பெண்களின் கூந்தலை முடியும் விதங்களைக் குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்று ஐந்தாகப் பிரித்து 'ஐம்பால்' என்று பெயரும் வைத்தவர்கள் நாம். இதனால் நீலக் கூந்தலும் நம் மரபே என்று நான் வாதாட வரவில்லை. எதைக் கண்டாலும் நம் முன்னோர் அன்றே செய்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிப்பதில் எனக்கு விருப்பமில்லை. தலையை அழகுபடுத்திக்கொள்வதில் இத்தனை அக்கறை காட்டிய ஒரு சமூகத்தில் உங்கள் மகள் செய்தது அப்படியொன்றும் விபரீதமான காரியம் அன்று என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

கல்யாணத்துக்காகக் கறுப்புச் சாயம் பூசி மறைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். நிறம் நீக்கிய முடியின் மேல் நிரந்தரக் கறுப்பைப் பூசினால் அதைத் திரும்ப எடுப்பது மிகவும் கடினம்; எடுக்க முயலும்போது முடிதான் உடையும். ஒரு நாள் விசேஷத்துக்காக அவளுடைய இரண்டு வருட முடியைப் பலி கொடுப்பதில் நியாயமில்லை. எந்தப் புடவை, எப்படிப் பின்னல் என்று அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். கறுப்புக்கு நடுவே நீலம் ஊடுருவும்படி பின்னி, மேலே மல்லிகைச் சரம் வைத்தால் பந்தியில் கேள்வி கேட்பவர்களில் பாதிப் பேர், 'எங்கே செய்தாய்?' என்றுதான் கேட்பார்கள். இன்னொரு செய்தியும் உண்டு: மஞ்சளாக வெளுத்த முடியின் மேல் பூசிய நீலம் மங்க மங்கப் பச்சை தட்டும். தை பிறப்பதற்குள் அது பாசி நிறத்துக்கு வந்துவிடக்கூடும் என்பதால், நீங்கள் தயாராக வேண்டிய நிறம் நீலமாக இல்லாமலும் போகலாம்.

கேள்வி: என் முடி அடர்ந்த கறுப்பு. ஊதா நிறம் பூசிக்கொள்ள ஆசை. வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? நம் ஊர்த் தண்ணீருக்கும் வெயிலுக்கும் எத்தனை நாள் நிற்கும்?
— கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: ஆசையைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன், நீங்கள் வேலையைப் பற்றிக் கேட்டிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். நம் முடிக்குக் கறுப்பைத் தருவது மெலனின் என்னும் நிறமி. அது உள்ளடுக்கில் நிறைந்திருக்கும் வரை வெளியே எந்த ஊதாவைப் பூசினாலும் கரிச்சட்டியில் மஞ்சள் பூசியது போலத்தான் இருக்கும். ஆகவே முதல் வேலை நிறம் நீக்குவது, அதாவது பார்லர்களில் சொல்லும் ப்ளீச். அதற்குரிய பொடியை 'டெவலப்பர்' எனப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு திரவத்தில் குழைத்துப் பூசுவார்கள். புட்டியில் 20 வால்யூம் என்று இருந்தால் அதில் 6 சதவீதம் பெராக்சைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். சீக்கிரம் வெளுக்க வேண்டுமென்று 40-ஐ வாங்கித் தலையில் தேய்த்து, மண்டைத்தோல் வெந்துபோனவர்கள் உண்டு. வீட்டில் செய்பவர்கள் 20-ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

கறுப்பு ஒரே தாவலில் வெள்ளையாகாது. முதலில் செம்பழுப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என்று படிப்படியாக இறங்கும். அடர்ந்த ஊதாவுக்கு மஞ்சளை எட்டினால் போதும். வெளிர் ஊதா வேண்டுமென்றால் வாழைப்பழத் தோலின் உட்புறம் போன்ற வெளுப்பு வரை போக வேண்டும். அந்தத் தூரத்தை ஒரே நாளில் கடக்க முயன்றால் முடி ஈரத்தில் ரப்பர் போல இழுபட்டு அறுந்துபோகும். சில வாரங்கள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறையாகச் செய்வதே முறை. முதல் நாள் இரவே தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒப்பனைக் கலைஞர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வே கூறுகிறது என்பதால், பாட்டி வைத்தியம் என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை.

மருதாணி பூசியவரா நீங்கள்? இலையை அரைத்துப் பூசியது வேறு. கடைப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவை பெராக்சைடுடன் சேர்ந்தால் சூடேறி முடியைப் பொசுக்கிவிடும். 'கறுப்பு மருதாணி' என்று விற்பவற்றில் பிபிடி என்னும் ரசாயனம் இருப்பதுண்டு. ஒவ்வாதவர்களுக்கு அது தோலில் கொப்புளம் கிளப்பும். எந்தக் கலவையையும் காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குக் கொண்டு செல்லுங்கள். சீவும்போது சீப்பில் வரும் முடியைச் சேர்த்துவைத்து, அதில் ஒரு சோதனையும் செய்து பாருங்கள்.

வண்ணங்கள் பெரும்பாலும் முடியின் மேற்புறத்தில் படிந்து நிற்கும் தற்காலிகச் சாயங்களே. ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் கரையும். போர் தண்ணீரின் உப்பு, வெந்நீர், சித்திரை வெயில், ஹெல்மெட்டுக்குள் ஊறும் வியர்வை எல்லாம் சேர்ந்தால் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதம் பளிச்சென்று இருக்கும். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் வேரில் கறுப்புக் கோடும் அதற்குள் தெரியத் தொடங்கும். என்னைக் கேட்டால் முதல் முறை பின்கழுத்துப் பக்கத்து உள்ளடுக்கை மட்டுமோ நுனியை மட்டுமோ நிறமாக்குங்கள். நுனி மட்டும் என்றால் மண்டைத்தோலில் ரசாயனம் படாது, பிடிக்காவிட்டால் வெட்டியும் விடலாம். அதற்கும் தயக்கமாக இருந்தால் சவுரியும் குஞ்சலமும் வைத்துப் பின்னிய ஊரில் பிறந்த உங்களுக்கு வேறு வழி சொல்லித் தர வேண்டுமா? ஊதா நூலைப் பின்னலோடு சேர்த்து முடிந்து ஒரு வாரம் சுற்றி வாருங்கள். அந்த நிறத்தோடு நம்மால் வாழ முடியுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: கிழித்த ஆடை, உடம்பெல்லாம் ஊக்கு, கிளிப்பச்சைத் தலை. இது மேல்நாட்டுக் குப்பையை வாரிக்கொள்வது அல்லாமல் வேறென்ன? இதில் தனித்துவம் எங்கே இருக்கிறது?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அசோக் நகர்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 1970-களில் லண்டனில் 'பங்க்' என்னும் கலக இசையின் பின்னால் திரண்ட இளைஞர்கள் சட்டையில் ஊக்கு குத்தியது, கையில் காசில்லாத கோபக்காரர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்து ஏற்படுத்திக்கொண்ட அலங்காரம். நியூயார்க்கில் இரு சகோதரிகள் 1977-ல் 'மேனிக் பேனிக்' கடையைத் திறந்து கண்ணைப் பறிக்கும் முடிச் சாயங்களை விற்றதும் அதே காலத்தில்தான். அந்தக் கோலத்தை இன்று ஒரு மாலில் மொத்தமாக, விலைச்சீட்டோடு வாங்கி மாட்டிக்கொண்டு வருபவர் அணிந்திருப்பது இன்னொரு சீருடைதான். இந்த இடத்தில் நான் உங்கள் கட்சி.

ஆனால் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. ஊக்கு 1849-ல் அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் காப்புரிமை பெற்ற பொருள். அதைத் தாலிக்கொடியிலும் வளையலிலும் கொத்தாகக் கோத்து, அவசரத்துக்கு உதவும் ஆபரணமாகவே ஆக்கியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். நம் பொருள் வெளியே போன கதை இதைவிடச் சுவையானது. மதராஸ் கட்டத் துணி இங்கிருந்து கப்பலேறி நைஜீரியாவின் கடலோரத்துக்குப் போனது. அங்குள்ள கலபாரி இனப் பெண்கள் அதை அப்படியே உடுத்திக்கொள்ளவில்லை. நெய்த துணியில் குறிப்பிட்ட இழைகளைக் கத்தி முனையால் நெம்பி, அறுத்து, உருவி எடுத்து, கட்டங்களுக்குள் புதிய உருவங்களை வரவழைத்தார்கள். 'பெலெட்டே பிட்டே' என்பது அந்தத் துணியின் பெயர். நெசவு நம்முடையதாக இருந்தாலும் துணி அவர்களுடையதாகிவிட்டது. கரீபியன் கடலின் மார்ட்டினிக் தீவிலோ பெண்கள் அதே கட்டத் துணியைத் தலையில் கட்டி, மேலே எத்தனை முனைகள் நிற்கின்றன என்பதைக் கொண்டே தம் மனத்தில் இடம் காலியாக இருக்கிறதா இல்லையா என்று ஊருக்குச் சொன்னார்கள். அமெரிக்காவில் நடந்தது வேறு கூத்து: சாயம் போகிறது என்று எழுந்த புகாரையே விளம்பரமாக்கி, 1960-களில் 'நிச்சயம் சாயம் போகும்' என்ற உத்தரவாதத்தோடு அந்தத் துணியை விற்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒவ்வொருவர் சட்டையும் ஒவ்வொரு விதமாக நிறம் கலந்து வேறுபட்டதால் அதற்கு மவுசு கூடியது.

அந்தக் கிளிப்பச்சைத் தலைக்காரரை அடுத்த முறை பார்த்தால், இதில் எதை நீயே செய்தாய் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: வயது 29. காது மடலின் மேல்பகுதியில் வளையம் போட நினைக்கிறேன். அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ?
— மென்பொருள் ஊழியர், சிறுசேரி

பதில்: அலுவலகம் என்ன சொல்லும் என்பது உங்கள் பணி விதிகளில் இருக்கும், படித்துப் பாருங்கள். உங்கள் தாத்தா கடுக்கன் போட்டிருந்தால் அவர் படத்தை மேசையில் வையுங்கள். காது சொல்வதை மட்டும் நான் சொல்கிறேன்: கீழ்மடல் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறும்; மேலே இருப்பது குருத்தெலும்பு, அது ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். அங்கே துப்பாக்கிக் கருவியால் குத்திக்கொள்ளாதீர்கள், அது குருத்தெலும்பை நசுக்கும். கிருமி நீக்கிய ஊசியால் குத்தத் தெரிந்தவரிடம் போங்கள். பழைய காயம் ஏதாவது தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பழைய புடவைத் துணியில் காதணி, கைப்பை செய்கிறேன், கொக்கி ஊசியால் குரோஷேயும் பின்னுகிறேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். விலை சொன்னதும், 'ரங்கநாதன் தெருவில் 50 ரூபாய்க்குக் கிடைக்கிறதே' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— இல்லத்தரசி, பெரம்பூர்

பதில்: அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சந்தைக்கு வரும் உண்மையான குரோஷேப் பொருள் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையால்தான் பின்னியிருக்கிறார். இயந்திரம் தருவது அதைப் போன்ற தோற்றத்தை மட்டுமே. ஆகவே 50 ரூபாய்க்கு அது கிடைக்கிறது என்றால், அந்தக் கைக்கு எத்தனை ரூபாய் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நூல், கொக்கி, பேருந்துக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, உட்கார்ந்த மணி நேரத்துக்கும் ஒரு தொகை வைத்து விலை போடுங்கள். சமையலுக்கு நடுவே செய்தது என்பதற்காக அந்த நேரம் இலவசமாகிவிடாது.

கைவினையால் பிழைக்க முடியாது என்பவர்களுக்குக் காட்ட நம் ஊரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமம் உருவானபோது, அங்கு குடியேறிய ஓவியர்கள் மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் தீட்டினார்கள்.

துணி வேலையில் சில சொல்கிறேன். மடிப்பில் இற்றுப்போன பருத்திப் புடவையைத் தூக்கி எறியாதீர்கள். ஜாக்கெட் கழுத்துக்குத் தையற்காரர் வைக்கும் கேன்வாஸைப் பின்னால் வைத்து இஸ்திரி போட்டால் காதணிக்கு வேண்டிய விறைப்பு வந்துவிடும். நம் வெக்கைக்கு அக்ரிலிக் நூல் உறுத்தும், பருத்தி நூலே சரி. கட் பீஸுக்குக் கொடௌன் தெரு, மணிக்கும் ஜம்கிக்கும் சௌகார்பேட்டைச் சந்துகள், பழைய பித்தளைச் சாமான்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை என்று அலைந்தால் யாரிடமும் இல்லாத பொருள் உங்களிடம் சேரும். ஒரே ஒரு வேண்டுகோள்: நீலகிரித் தோடர்களின் சிவப்பு கறுப்புப் பூத்தையலை அப்படியே நகலெடுத்து விற்காதீர்கள். அது 2013 முதல் புவிசார் குறியீடு பெற்ற, அந்த மக்களுக்கே உரிய வேலை.

கேள்வி: எனக்கு 63 வயது, தலை முழுதும் நரைத்துவிட்டது. சாயம் பூசிய வழக்கமே இல்லை. பேத்தியைப் பார்த்து எனக்கும் ரோஜா நிறம் பூசிக்கொள்ள ஆசை வந்துவிட்டது. சிரிக்காமல் பதில் சொல்லவும்.
— ஒரு பாட்டி, அடையாறு

பதில்: சிரிக்கவில்லை, பொறாமைப்படுகிறேன். தாம்பரத்துப் பெண்ணுக்கு மேலே எழுதிய ப்ளீச், டெவலப்பர், மஞ்சள் நிலை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. பணத்தையும் முடியையும் செலவழித்து அவர்கள் போய்ச்சேர விரும்பும் வெள்ளையில் நீங்கள் காசில்லாமலே நிற்கிறீர்கள். பெராக்சைடு கலக்காத தற்காலிகச் சாயம் ஒன்றை வாங்கி, கண்டிஷனரில் கலந்து வெளிறச் செய்து பூசினால் போதும். நரைமுடி சில சமயம் முரண்டு பிடிக்கும் என்பதால் புட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் சிறிது காத்திருங்கள். 48 மணி நேரச் சோதனை உங்களுக்கும் உண்டு. முதல் வாரம் தலையணைக்குப் பழைய உறை போடுங்கள். வெளிர் நிறப் புடவைகள் பீரோவிலேயே இருக்கட்டும். பின்தலைக்கு நம் கை எட்டாது, பேத்தியைப் பூசச் சொல்லுங்கள்.