காட்டில் ஒரு கல் வீடு

கேள்வி: அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் பகுதியில் 'ஹான்ஸ் ஹெர் வீடு' என்ற பழைய கல் வீட்டைப் பார்த்தேன். குளிர் நாட்டில் புகைபோக்கியைச் சுவரோரம் வைக்காமல் நடுவில் வைத்தது ஏன்? ஆளில்லாத காட்டில் அந்த ஜெர்மானியர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

பதில்: ஹான்ஸ் ஹெர், மென்னனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை ஆயர். ஆனால் வீட்டைக் கட்டியவர் அவருடைய மகன் கிறிஸ்டியன். வாசலுக்கு மேலுள்ள கல்லில் மகனின் பெயரெழுத்துகளும் 1719 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனாலும் பெயர் என்னவோ அப்பாவுக்குத்தான்!

புகைபோக்கிக்கு வருவோம், எனக்குப் பிடித்த விஷயம் அதுதான். வெளிச்சுவரில் அடுப்பை வைத்தால் சூட்டில் பாதி தெருவுக்குப் போய்விடும். நடுவில் வைத்தால் சுற்றியுள்ள அறைகளெல்லாம் காயும். அக்கால ஜெர்மன் வீடுகளில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, வார்ப்பிரும்புப் பலகைகளால் ஆன பெட்டி ஒன்றைக் கூடத்துக்குள் நீட்டியிருப்பார்கள். தணலைச் சமையலறைப் பக்கமிருந்தே உள்ளே தள்ளுவார்கள். புகையும் அதே வழியாகத் திரும்பிப் போய்விடும். கூடத்தில் வெப்பம் மட்டும் இருக்கும். சாம்பலோ கண் எரிச்சலோ கிடையாது. கூடத்தை அப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்ள அவர்களுக்குக் காரணமும் இருந்தது. தேவாலயம் கட்டாத அந்தச் சபையார் ஜெபத்துக்குக் கூடிய இடம் இந்த வீடுதான்.

ஜெர்மானியர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேர் சுவிட்சர்லாந்தில். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காததற்காக அங்கே துன்புறுத்தப்பட்டு, ஜெர்மனியின் பலாட்டினேட் பகுதிக்குப் போனவர்கள். 1710-இல், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் அதிகாரிகளிடமிருந்து 10,000 ஏக்கர் பெற்று இங்கே குடியேறத் தொடங்கினார்கள்.

1860-களுக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. தானியமும் தட்டுமுட்டுச் சாமான்களும் கிடந்தன. 1970-களில்தான் பழைய வடிவத்துக்கு மீட்டார்கள். அதற்கு முன் இருந்த கோலத்தை ஓவியர் ஆண்ட்ரூ வையத் வரைந்திருக்கிறார். அவரும் ஹெர் வம்சாவளிதான்.

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஆளில்லாத காடு அல்ல. அருகிலேயே கொனெஸ்டோகா பழங்குடியினர் வாழ்ந்தார்கள். 1763 டிசம்பரில் 'பாக்ஸ்டன் பாய்ஸ்' என்ற எல்லைப்புற வெள்ளையர் கும்பல் அவர்களில் 20 பேரைக் கொன்றது. அடைக்கலமாக லாங்காஸ்டர் நகரில் வைக்கப்பட்டிருந்தவர்களைக்கூட விடவில்லை. ஹெர் வீட்டு வளாகத்திலேயே, பழங்குடியினர் பல குடும்பங்களாகச் சேர்ந்து வாழ்ந்த நீள்வீட்டுக்கு மாதிரி ஒன்றைக் கட்டி 2013-இல் திறந்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லையே, பார்க்கவில்லையா?