கிராமசபைத் தீர்மானம் ஏன் நகர்வதில்லை? - கடிதம்

வணக்கம் ஐயா,

எங்கள் ஊராட்சிக்குப் பஸ்ஸும் துணை சுகாதார நிலையமும் வேண்டும் என்று தொடர்ந்து கிராமசபையில் கேட்டுவருகிறோம். ஊரே கைதூக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. மக்கள் கருத்துக்கு மதிப்பே கிடையாதா?

செ.

அன்புள்ள செ.,

மதிப்பு உண்டு. ஆனால் கூட்டத்தில் பேசியது வேறு, பதிவேட்டில் ஏறியது வேறு. முதலில் தீர்மானப் பதிவேட்டைப் பாருங்கள். 'பேருந்து மற்றும் மருத்துவ வசதி செய்துதரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று ஒற்றை வரி இருந்தால், அதை வைத்து எந்த அலுவலகமும் கோப்பு திறக்காது. பஸ் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு, மற்றது சுகாதாரத் துறையுடையது. தனித்தனித் தீர்மானமாகப் போடுங்கள்.

ஊர்க் கருத்தைத் திரட்டும் விதத்தையும் மாற்ற வேண்டும். 'பஸ் வேண்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்பவர் யார்? எந்த நேரத்துக்கு, எந்த ஊருக்கு, வாரத்தில் எத்தனை நாள், இப்போது எப்படிப் போகிறீர்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள். பகலில் போனால் நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போனவர்கள் விட்டுப்போவார்கள். மாலை ஆறரைக்கு மேல் போங்கள். பெண்களிடம் மகளிர் குழுவினர் பேசட்டும். வீட்டு ஆண் காலை பஸ்ஸைச் சொல்வார், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் நடந்து வரும் மகளுக்கான மாலை பஸ்ஸை அம்மாதான் சொல்வார். காலனியையும் குக்கிராமங்களையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நேரம் போதாமல் விட்டுப்போவது எப்போதும் அவைதான், பஸ் அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான்.

பிறகு தீர்மானத்தை இப்படி எழுதலாம்: 'மெயின் ரோட்டோடு திரும்பும் காலை 7.40 பஸ்ஸை 3 கி.மீ. நீட்டித்து ஊருக்குள் வரச் செய்ய வேண்டும். தினமும் அதில் போக வேண்டிய மாணவர்கள் 62 பேர், பட்டியல் இணைப்பில்.' உங்கள் கணக்கு எதுவோ அதைப் போடுங்கள். புது வழித்தடம் கேட்பதைவிட ஓடும் பஸ்ஸை நீட்டிக்கக் கேட்பது எளிது. பஸ் திரும்ப இடம் இருக்கிறதா, பாலம் தாங்குமா என்பதையும் எழுதிவிடுங்கள். மறுப்பதென்றால் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது அளவுகோல். உங்கள் மக்கள்தொகை எட்டாவிட்டால் பக்கத்து ஊராட்சியோடு பேசி, இரண்டு கிராமசபையிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள்.

குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, முக்கியம். 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். நுழையும்போதே கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கோரிக்கை கரைந்துபோவது அங்கேதான். கூட்டம் கலையும் முன் எழுதி, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

தீர்மான நகலைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நீங்களே அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், மனுவில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, தகவல் உரிமைச் சட்டம் 6(1)இன் கீழ் அந்தக் கோப்பில் எடுத்த நடவடிக்கையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.