தசமபாகம், வட்டி, கொள்ளைநோய்: இடைக்கால ஐரோப்பா பற்றிய கேள்விகள்

கேள்வி: எங்கள் ஆலயத்தில் தசமபாகம் மனமுவந்து கொடுக்கிறோம். அந்தக் கால ஐரோப்பாவிலும் அப்படித்தானா?

இல்லை, அங்கே அது வரி. பிராங்கியர்களின் நாட்டில் (இன்றைய பிரான்சும் அதையொட்டிய பகுதிகளும்) 779-இல் மன்னர் சார்லமேன் போட்ட ஆணை அதைக் கட்டாயமாக்கியது. காசாகக் கட்டியதாக நினைத்துவிடாதீர்கள். அறுவடையான வயலில் பத்தாவது கோதுமைக் கட்டு கோயிலுக்கென்று தனியே நிற்கும். ஆட்டுக்குட்டி, கம்பளி, தேன், கோழிமுட்டை என்று எதற்கும் விலக்கு கிடையாது. வசூலில் ஒரு பங்கு ஏழைகளுக்குப் போக வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொன்னது. நடைமுறையில் பல ஊர்களின் தசமபாகம் எங்கோ இருந்த மடத்துக்குப் போனது. உள்ளூரில் பூசை வைத்த சாமியார் சொற்ப வருமானத்தில் காலம் தள்ளினார். மக்களின் கோபம் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் இருந்தது, கடவுள் மேல் அல்ல. பிரான்சில் இது ஒழிய 1789-இன் புரட்சி வரவேண்டியிருந்தது.

கேள்வி: பிரபுவின் பண்ணையாட்களை அடிமைகள் என்று சொல்லலாமா?

முழு அடிமை என்று சொல்ல மாட்டேன். பண்ணையாளுக்கு உழுதுண்ண நிலம் உண்டு, ஊர் வழக்கம் தந்த சில பாதுகாப்புகளும் உண்டு. ஆனால் ஊரைவிட்டுப் போக உரிமை இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குக் கட்டணம். இங்கிலாந்தில் குடும்பத் தலைவர் செத்தால், தொழுவத்திலிருக்கும் சிறந்த மாட்டைப் பிரபுவின் ஆள் ஓட்டிப் போவான். பல ஊர்களில் அடுத்த சிறந்த மாடு சாமியாருக்கு. துக்க வீட்டில் அன்றைக்கே தொழுவமும் காலியாகிவிடும். தப்பிப் போய் ஒரு நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் விடுதலை என்பது பல நகரங்களின் சட்டம்.

கேள்வி: மிளகு தங்கத்தின் விலைக்கு விற்றதாமே? கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கத்தான் வாங்கினார்களாமே?

இரண்டுமே தவறு. மலபாரிலிருந்து செங்கடல், அலெக்சாண்டிரியா, வெனிஸ் என்று பல கைகள் மாறி வந்ததால் மிளகின் விலை அதிகம், அவ்வளவுதான். மிளகு வாங்க வசதியுள்ளவருக்குப் புது இறைச்சி வாங்குவது ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: வட்டி பாவம் என்று திருச்சபை சொன்னபோது இத்தாலியில் வங்கிகள் எப்படி வளர்ந்தன? வட்டித்தொழில் யூதர்கள் கையில்தானே இருந்தது?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தவறான எண்ணம் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. கைத்தொழில் சங்கங்கள் யூதர்களைச் சேர்ப்பதில்லை. பல நாடுகளில் நிலம் வைத்திருக்கவும் தடை. கடன் கொடுக்கும் தொழிலுக்குப் பலரைத் தள்ளியது இதுதான். மன்னர்கள் அவர்களிடம் வரியாகக் கறந்தார்கள், கறந்து முடித்ததும் துரத்தினார்கள்: இங்கிலாந்தில் 1290, பிரான்சில் 1306. ஆனால் பெருங்கடன் கொடுத்தவர்கள் கிறிஸ்தவர்களே. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுக்குக் கடன் கொடுத்த பிளாரன்ஸ் நகரத்துப் பார்தி, பெருஸி நிறுவனங்கள் இரண்டும் 1340-களில் திவாலாயின.

வெளிப்படையாக வட்டி வாங்குபவருக்குக் கிறிஸ்தவ அடக்கம்கூடக் கிடையாது என்று 1179-இல் ரோமில் ஆயர்கள் கூடிய லாத்தரன் சங்கம் தீர்மானித்தது. பெருவணிகர்கள் இதற்குக் கண்ட வழி உண்டியல், அதாவது ஓர் ஊரில் வாங்கிய பணத்தை வேறு ஊரில் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு. பிளாரன்சில் புளோரினாக வாங்கிய பணத்தைச் சில மாதம் கழித்து லண்டனில் ஸ்டெர்லிங்காகத் திருப்பித் தருவார்கள். லாபம் நாணய மாற்று விகிதத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஏட்டில் வட்டி என்ற சொல்லே வராது.

இதை வெறும் வேஷம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பிராட்டோ நகரத்து வணிகர் பிரான்செஸ்கோ டத்தீனியைப் பாருங்கள். அவருடைய பேரேடுகளில் ‘கடவுளின் பெயராலும் லாபத்தின் பெயராலும்’ என்று எழுதியிருக்கும். 1399-இல், அறுபதைத் தாண்டிய வயதில், வெள்ளை அங்கியும் வெறுங்காலுமாகப் பாவமன்னிப்பு யாத்திரை போனார். 1410-இல் சாகும்போது சொத்தில் பெரும்பகுதியைச் சொந்த ஊர் ஏழைகளுக்கு எழுதி வைத்தார். லாபம் ஏற ஏற அவருக்குள் பயமும் ஏறிக்கொண்டே போனது என்றுதான் நான் படிக்கிறேன். அவர் விட்டுச்சென்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் பிராட்டோவில் இருக்கின்றன.

கேள்வி: கொள்ளைநோய்க்குப் பிறகு ஏழைகளின் வாழ்வு உயர்ந்தது என்கிறார்களே?

கூலி உயர்ந்தது உண்மை. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவில் மூன்றில் ஒருவராவது இறந்திருப்பார். வேலைக்கு ஆள் இல்லை. ஆனால் பிழைத்தவர்கள் எல்லாருக்கும் நல்ல காலம் பிறந்துவிடவில்லை. ஸ்ட்ராஸ்பர்கில் 1349 பிப்ரவரியில், நோய் ஊருக்குள் வருவதற்கு முன்பே, கிணற்றில் விஷம் கலந்ததாகப் பழி சுமத்தி யூதர்களை நூற்றுக்கணக்கில் எரித்தார்கள். யூதர்களும் இதே நோயில் சாகிறார்களே என்று போப் ஆறாம் கிளமென்ட் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் 1349-இல் அவசர ஆணையும், 1351-இல் சட்டமும் போட்டுக் கூலியை நோய்க்கு முந்தைய அளவிலேயே நிறுத்தப் பார்த்தார்கள். கூடக் கேட்டவர்களைக் கால்களைப் பூட்டும் தொழுமரத்தில் மாட்டினார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று அடுத்தடுத்து வந்த தலைவரியும் சேர்ந்து 1381-இல் கலகம் வெடித்தது. அதில் இறங்கிய கிராமத்தார் ஊர் ஊராகத் தேடிப் போய் எரித்தவற்றில் முக்கியமானவை பிரபுக்களின் நீதிமன்றச் சுருள்கள். யார் யாருடைய பண்ணையாள், எந்த மகளின் கல்யாணத்துக்கு எவ்வளவு கட்டணம், எந்தச் சாவுக்கு எந்த மாடு என்றெல்லாம் அவற்றில்தான் எழுதி வைத்திருந்தார்கள்.