கண்டாங் கெர்பாவ்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் ஹேம்ப்ஷியர் சாலையில் உள்ள பழைய கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அம்மா 1968இல் என்னை அங்குதான் பெற்றெடுத்தார். இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகமாக இருக்கும் அந்தக் கட்டடத்தில் கலையழகு எதையும் நான் காணவில்லை. உலக சாதனை படைத்த இடம் என்பதைத் தவிர, அதை மரபுச் சின்னமாகப் போற்றக் காரணம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கு உறுத்துவதே அந்தச் சாதனை என்ற சொல்தான். 1966இல் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. இரவு பகலாகப் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு பிள்ளை என்பது கணக்கு. ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் நடந்த மிக அதிகப் பிறப்புகள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய அந்த எண்ணைப் பெருமையோடு சொல்கிறோம். இடம் போதாத வார்டுகளின் நெருக்கடியும், ஒரு பிரசவம் முடிந்து கை கழுவுவதற்குள் அடுத்ததற்கு ஓடிய தாதியரின் உழைப்பும் அந்த எண்ணுக்குள்தான் அடங்கியிருக்கின்றன. அதே ஆண்டு சனவரியில்தான் அரசு குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு வாரியத்தைத் தொடங்கியது. 1972இல் 'இரண்டோடு போதும்' என்ற பிரசாரமும் வந்தது. பிள்ளை பெற்று இன்னும் எழுந்து நடக்காத தாய்மாரிடம் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிய இடங்களில் இந்த மருத்துவமனை முக்கியமானது என்பதால், ஒரு நாட்டின் மக்கள்தொகைக் கொள்கை பெண்களின் உடலைத் தொட்ட இடம் என்றே இதை நான் பார்க்கிறேன்.

தொடக்கம் மிகச் சிறியது. 1924 அக்டோபர் 1 அன்று 30 படுக்கைகளும் 12 தொட்டில்களும் கொண்ட இலவச மகப்பேற்று மருத்துவமனையாக அது திறக்கப்பட்டது. பிற்காலத்தில் சிங்கப்பூரின் இரண்டாவது அதிபரான மருத்துவர் பெஞ்சமின் ஷியர்ஸ் இங்கே பணியாற்றியவர். கருப்பையின் மேற்பகுதியைக் கீறும் பழைய முறைக்குப் பதிலாக, கீழ்ப்பகுதியைக் கீறிக் குழந்தையை எடுக்கும் அறுவை முறையைச் சிங்கப்பூரில் நிலைநாட்டியவர் அவர்தான். இரத்தப்போக்கும் அடுத்த பேற்றில் தழும்பு பிளக்கும் ஆபத்தும் அதனால் குறைந்தன. தூணும் வளைவும் இல்லாத ஒரு கட்டடத்துக்கு இதைவிடப் பெரிய அழகு வேண்டுமா?

பெயரையும் கவனியுங்கள். மலாயில் 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். மாட்டு வணிகம் நடந்த வட்டாரம் அது, பக்கத்துத் தெரு இன்றும் பஃபலோ ரோடுதான். சீனர்கள் அந்த மருத்துவமனையை மூங்கிலடி என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கு நாம் நாவில் வைத்திருக்கும் 'தேக்கா' என்ற பெயரும், சீன மொழிகளுள் ஒன்றான ஹொக்கியனில் மூங்கிலடியைக் குறிக்கும் அதே சொல்தான்.

என் அம்மாவின் பழைய மருத்துவமனை அட்டை என்னிடம் இருக்கிறது. ஓரம் நைந்த அந்த அட்டையில் தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் பிழையோடு நீல மையில் எழுதப்பட்டிருக்கிறது, எழுதிய தாதி அவசரத்தில் இருந்தார் என்பது எழுத்தின் சாய்விலேயே தெரிகிறது. 1997இல் மருத்துவமனை புதிய இடத்துக்குப் போனபின் பழைய கட்டடத்தை இடிக்காமல் விட்டது நல்ல காரியம். ஆனால் இப்படிப்பட்ட அட்டைகளும் தாதியரின் நினைவுகளும் அங்கே ஓர் அறையிலாவது வைக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்: எத்தனை நாள் அங்கே இருந்தார், பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் என்ன மொழி பேசினார்?

அன்புடன்,
ஆசிரியர்