ஏறுவது நீங்களா, வேனா?

போன இதழில் அப்லிஃப்ட் நாள் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். விளைவு, இந்த முறை கேள்விப் பெட்டி முழுக்க மவுண்டன் பைக்தான். அப்லிஃப்ட் என்றாலே என்ன என்று கேட்டவர்களுக்கு முதலில் ஒரு வரி: டிரெய்லர் மாட்டிய வேனிலோ கேபிள் காரிலோ உங்களையும் சைக்கிளையும் ஏற்றி மலை உச்சியில் இறக்கிவிடுவார்கள், நீங்கள் கீழே ஓட்டி வர வேண்டும், திரும்ப வரிசையில் நிற்க வேண்டும், மாலை வரை இதே வேலை.

கேள்வி: முதல் மவுண்டன் பைக் வாங்கப் போகிறேன். வீடியோக்களில் எல்லோரும் 170 மி.மீ. டிராவல் உள்ள, கரடுமுரடான இறக்கங்களுக்கான என்டியூரோ வண்டியைத்தான் புகழ்கிறார்கள். நண்பரோ 130 போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர்தான், பெரும்பாலும். டிராவல் என்பது கல்லிலும் வேரிலும் மோதும்போது சக்கரம் எவ்வளவு தூரம் மேலே போய்வர இடம் இருக்கிறது என்ற கணக்கு. கிராஸ் கன்ட்ரி வண்டிகளில் 100 முதல் 120 மி.மீ., டிரெயில் வண்டிகளில் 130 முதல் 150, என்டியூரோவில் 160, 170, இறக்கத்துக்கென்றே செய்த டவுன்ஹில் வண்டியில் 200. எண் கூடினால் வண்டி உசத்தி என்று நினைத்துக்கொள்கிறோம். எடையும்தான் கூடுகிறது, மேட்டில் மிதிக்கும்போது பாதி பலத்தை ஷாக்கே தின்றுவிட்டது போன்ற அலுப்பும் கூடுகிறது.

வாங்கும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வருஷத்தில் நீங்கள் ஓட்டப்போகும் நாட்களில் எத்தனை நாள் உங்கள் தொடை மலை ஏறும், எத்தனை நாள் வேன் ஏறும்? மாதத்துக்கு நான்கு முறை மிதித்தே ஏறி, வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் அப்லிஃப்ட் போகிறவர் 170 வாங்கினால், அந்த இரண்டு நாளுக்காக மீதி நாளெல்லாம் சுமை தூக்குகிறார் என்று அர்த்தம். இன்னொன்று, பெரிய வண்டி சின்னப் பாதையை அப்படியே விழுங்கிவிடும். மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான், ஓட்டுகிற சுகமே இருக்காது.

டிராவல் குறைந்தால் இறக்கத்தில் பயம் என்கிறீர்களா? 1989-இல் வந்த ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் முதல் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும், அமுங்கி எழும் இரட்டைக் கால்) ஏறக்குறைய 50 மி.மீ.தான் அமுங்கும். அதை மாட்டிக்கொண்டுதான் அமெரிக்க வீரர் கிரெக் ஹெர்போல்ட் 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் டவுன்ஹில் ஜெயித்தார். இன்றைய 130 மி.மீ. வண்டியில் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் சாய்கிற கோணம், 65 டிகிரிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும், ஹேண்டில்பார் அகலம், ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்ட் உண்டு, பிரேக் பிடித்த இடத்தில் நிற்கும். நமக்குத் தைரியம் தீரும் வரை வண்டி தீராது.

கேள்வி: வேனில் ஏறிப்போய் இறங்கி வருவதெல்லாம் ஒரு விளையாட்டா? ஏறாதவனுக்கு இறங்க என்ன உரிமை?

பதில்: கோபம் புரிகிறது, ஆனால் வரலாறு உங்கள் பக்கம் இல்லை. 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் ஷ்வின் கம்பெனியின் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு மண் சரிவில் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் பாதை, 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பழைய ஹப் பிரேக்தான் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் உள்ளிருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர். கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியதுதான் அங்கே சாதனை. அந்தக் கும்பலைச் சேர்ந்த ஜோ பிரீஸ் மறு வருஷமே இதற்கென்று தனியாக ஃப்ரேம் செய்ய ஆரம்பித்தார். இவர்கள் மேலே எப்படிப் போனார்கள் தெரியுமா? பல நாள் பிக்கப் டிரக்கின் பின்னால் சைக்கிளை அடுக்கிக்கொண்டுதான். மவுண்டன் பைக் பிறக்கும்போதே அப்லிஃப்ட்டும் கூடப் பிறந்துவிட்டது.

நானும் மிதித்து ஏறுகிற ஆள்தான். ஆனாலும் ஒரே வளைவை ஒரே நாளில் பத்து முறை எடுத்துப் பழக வேறு வழி கிடையாது.

கேள்வி: முதல் முறையாக அப்லிஃப்ட் நாளுக்குப் பதிவு செய்திருக்கிறேன். டிரெயில் வண்டி, 140 மி.மீ. என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: வண்டி போதும். டயரைப் பாருங்கள். மிதித்து ஏறுகிற நாளில் வாரத்துக்கு ஒரு பெரிய இறக்கம் இறங்குவோம், அப்லிஃப்ட்டில் ஒரே நாளில் எட்டு, பத்து. இரண்டு மாசத் தேய்மானம் ஒரு நாளில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைவாக இருக்க வேண்டும் என்று மெல்லிய டயர் போட்டிருந்தால், குறைந்தபட்சம் பின்சக்கரத்துக்காவது கெட்டியான கேஸிங் (டயரின் உடல் பகுதி) உள்ளதை மாட்டுங்கள். அங்கே எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது வேன்தானே. டியூப்லெஸ் என்றால் உள்ளே ஊற்றிய சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) காய்ந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள், காற்றை வழக்கத்தைவிட 2, 3 பி.எஸ்.ஐ. ஏற்றி வையுங்கள். டியூப்லெஸ்ஸாகவே இருந்தாலும் ஒரு டியூப் பையில் இருக்கட்டும்.

அடுத்தது சேக். வண்டியின் மேல் ஓட்டும் நிலையில் நின்றால் பின் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்ற அளவு. 30 சதவீதத்தை ஒட்டி இருக்கலாம். ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது அது முழுக்க அமுங்கும் நீளம், 60 மி.மீ. என்றால் 18. முன்னால் ஃபோர்க்கில் 15 முதல் 20 சதவீதம். இதை ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் அளக்க வேண்டும். பலரும் வீட்டு உடையில் அளந்துவிட்டு, மலையில் ஷாக் அடிவரை போய் இடிக்கிறது என்று கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டும் முட்டிக்கு பேடும் வாடகைக்குக் கிடைத்தால்கூட எடுத்துக்கொள்ளுங்கள். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர்களை அந்த வரிசையில் நிறையப் பார்க்கலாம்: மின்னுகிற கார்பன் வண்டி, முட்டி வெறும் முட்டி.

டிரெய்லரில் ஏற்றும்போது பக்கத்து வண்டியின் பெடல் உங்கள் ஃபோர்க் காலில் உரசாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே வேனில் ஏறுங்கள். அந்தப் பளபளப்பான குழாயில் ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும். ஒரு பழைய துணி, இரண்டு வெல்க்ரோ பட்டை, அவ்வளவுதான் செலவு.

அப்புறம் பாதையின் நிறம், அது எவ்வளவு கடினம் என்பதன் குறி. பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று போகும். வட அமெரிக்காவில் பொதுவாகச் சிவப்பே கிடையாது, நீலத்துக்கு அடுத்தது கறுப்பு வைரம், அதற்கு மேல் இரட்டை வைரம். கனடாவின் விஸ்லரில் நீலம் ஓட்டினேன், ஆகவே வேல்ஸிலும் நீலம் அப்படியேதான் இருக்கும் என்று நம்பக்கூடாது, ஒவ்வொரு மலைக்கும் அளவுகோல் தனி. எங்கே போனாலும் முதல் இறக்கம் அங்குள்ளதிலேயே சுலபமான பாதையில், மெதுவாக. வேனில் குளிர்ந்து கிடந்த உடம்பு அது, மிதித்து ஏறினால் கிடைக்கிற சூடு உங்களுக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி: 29 அங்குலச் சக்கரமா, 27.5-ஆ?

பதில்: 29. ரொம்பக் குள்ளமாக இருந்து இறக்கத்தில் பின்சக்கரம் இடுப்பில் இடிக்கிறது என்றால், முன்னால் 29 பின்னால் 27.5. பந்தயங்களில் இந்தக் கலப்பு 2019 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இதைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்களிடம் கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டச் சொல்ல முடியாதது ஒன்றுதான் குறை.

கேள்வி: அப்லிஃப்ட் போனபோது நான்காவது இறக்கத்திலேயே முன்கை கல் மாதிரி இறுகி, விரல் மரத்து, பிரேக் பிடிக்கவே முடியவில்லை. பிரேக்கை மாற்ற வேண்டுமா?

பதில்: பிரேக்கை மாற்றும் முன் பிடிக்கிற விதத்தை மாற்றிப் பாருங்கள். இறக்கம் முழுக்க லீவரை லேசாக அமுக்கிக்கொண்டே வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் முறை போகிற எல்லோரும் செய்வது. அதனால் கையும் ஓய்வதில்லை, டிஸ்க்கும் ஆறுவதில்லை. வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஒரே விரல், ஆள்காட்டி விரல் போதும். அந்த விரல் லீவரின் நுனிக் கொக்கியில் உட்காரும்படி லீவரை உள்பக்கம் நகர்த்துங்கள், கை சின்னது என்றால் ரீச் ஸ்க்ரூவைத் திருகி லீவரைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஐந்து நிமிட வேலை, சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இதற்குப் பிறகும் கை போனால் முன் டிஸ்க்கை 180-லிருந்து 200 அல்லது 203 மி.மீ.க்கு மாற்றலாம், உங்கள் ஃபோர்க் அந்த அளவை ஏற்கிறதா என்று பார்த்துக்கொண்டு. புதுப் பிரேக் பேட் போட்ட கையோடு மலைக்குப் போகாதீர்கள். சமதரையில் ஓரளவு வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் இருபது முறையாவது பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். அதற்கு முன் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று சேராது.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்கு ஆஃபர் வருகிறது. கடையில் வாங்கினால்தான் நல்லது என்று அப்பா சொல்கிறார்.

பதில்: அப்பாவிடம் ‘எந்தக் கடை?’ என்று கேளுங்கள். எனக்கு வேண்டியது எம் சைஸ், கடையில் இருந்தது எல். ‘சின்ன ஸ்டெம் போட்டால் சரியாகிவிடும் சார்’ என்று (ஸ்டெம் என்றால் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) சிரித்துக்கொண்டே தலையில் கட்டினார்கள், நானும் அந்த நிறத்தில் மயங்கி வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷம் முதுகுவலி, அப்புறம் நஷ்டத்துக்கு விற்றேன். இதே நான் ஆன்லைனில் பெட்டியில் வந்த வண்டியை எந்தக் குறையும் இல்லாமல் இன்றுவரை ஓட்டுகிறேன். ஆகவே எங்கே வாங்குவது என்பதைவிட அளவு தெரிந்து வாங்குவது முக்கியம். எம், எல் என்ற எழுத்தை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல்லாக இருக்கும். ரீச் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், எழுந்து நின்று ஓட்டும்போது வண்டி எவ்வளவு நீளமாகத் தெரியும் என்பதை அதுதான் சொல்லும். நண்பர்களின் வண்டிகள் இரண்டு மூன்றில் ஏறி நின்று பார்த்து, எது சௌகரியமோ அதன் ரீச்சைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஃபருக்குக் காரணமும் இருக்கிறது. 2020, 2021-இல் கொரோனா காலத்தில் எல்லோரும் சைக்கிள் தேடினார்கள், கிடைக்கவில்லை. கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போட்டன, சரக்கு வந்து குவிந்தபோது வாங்க ஆளில்லை. 2023-இல் கிடங்கு கிடங்காகத் தள்ளுபடி. போன வருஷத்து மாடல் என்பதற்காகப் பயப்படாதீர்கள், நிறம்தான் மாறியிருக்கும். பின் ஹப் அகலம் 148 மி.மீ.தானா, கியர் மாற்றும் டீரெய்லரை மாட்டுகிற ஹேங்கர், பல கம்பெனிகளுக்கும் பொதுவான யுடிஹெச் வகையா என்று மட்டும் பாருங்கள். ரொம்பப் பழைய அளவு என்றால் நாளைக்கு ஒரு சக்கரம் வாங்கக்கூட அலைய வேண்டும்.

பெட்டியில் வருகிற வண்டிக்கு டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) ஒன்று வாங்குங்கள். ஸ்டெம் போல்ட்டில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று நியூட்டன் மீட்டரில் அச்சடித்திருப்பார்கள், பெரும்பாலும் 5-ஐ ஒட்டித்தான். கையளவில் இறுக்கிக் கார்பன் ஹேண்டில்பாரை நசுக்கியவர்கள் உண்டு.

கேள்வி: கார்பனா, அலுமினியமா?

பதில்: அலுமினியம். மிச்சப் பணத்துக்கு நல்ல ஃபோர்க், நல்ல டயர், நான்கைந்து அப்லிஃப்ட் நாள்.

கேள்வி: பழைய என்டியூரோ வண்டி ஒன்று மலிவாக வருகிறது. ‘அப்லிஃப்ட்டே போனதில்லை, லேசாக ஓட்டியது’ என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். பேச்சைக் கேட்காதீர்கள், வண்டியே சொல்லும். சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கித் தூக்கி விடுங்கள். டக் டக் என்று சின்ன ஆட்டம் தெரிந்தால் பின் சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள பிவட் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஃபோர்க் காலை நகத்தால் தடவுங்கள், நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்வதைவிட விட்டுவிட்டு வருவது நல்லது. வெல்டிங் ஓரங்களிலும் ஹெட் டியூபின் (ஃபோர்க் நுழையும் முன் குழாயின்) அடியிலும் பெயின்டில் முடி போல விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஏன் அங்கே ஒட்டியிருக்கிறது என்று யோசியுங்கள். பின் ரிம்மின் விளிம்பில் நசுங்கல் நசுங்கலாக இருந்து, ஃப்ரேமின் ஓரத்தில் டிரெய்லர் உரசின தழும்பும் இருந்தால், ‘அப்லிஃப்ட்டே போனதில்லை’ என்பதற்கு அதுவே பதில். போனது தப்பில்லை. போய்விட்டு சர்வீஸ் செய்யாததுதான் தப்பு. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பல மாடல்களில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள், கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று கேளுங்கள். முழிக்கிறார் என்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பில் கட்டாயம் வேண்டும், ஃப்ரேமுக்கு அடியில் இருக்கும் நம்பரோடு அது ஒத்துப்போக வேண்டும். வாரண்டி பெரும்பாலும் முதலில் வாங்கினவருக்குத்தான், உங்களுக்கு வராது.

கேள்வி: பதிவு செய்த நாளில் மழை என்கிறது வானிலை. போகலாமா?

பதில்: போகலாம். மழைக்காகப் பல இடங்களில் பணம் திரும்பத் தர மாட்டார்கள், காற்றோ மின்னலோ வந்தால்தான் அவர்களாக நிறுத்துவார்கள். பதிவு செய்யும்போதே அந்த விதியைப் படித்திருக்க வேண்டும், பரவாயில்லை. மாற்றுக் கையுறை இரண்டு ஜோடி, முன்சக்கரத்துக்கு ஒரு மட்கார்ட், பிரேக்குக்கு சின்டர்டு (உலோகத் தூள் கலந்த) பேட். வேர்களைச் சாய்வாகக் கடக்காமல் நேராகக் கடந்துவிடுங்கள், அதன் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். பையில் இன்னொரு ஜோடி பேட் இருக்கட்டும்: காலையில் புத்தம் புதிதாகப் போட்ட ஆர்கானிக் பேட், மணல் கலந்த சேற்றில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தகடு வரை தேய்ந்து கிறீச்சிட்டது எனக்கே நடந்திருக்கிறது.